இரண்டாம் அறையில் பேஷண்ட் யார்

வாய் மட்டும் இல்லையென்றால் இவளை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று பெற்ற அம்மாவே சொல்லியிருக்கிறாள். உளவியல் முதுகலை வகுப்பில் கூடப் படிக்கிறவர்கள் வைத்த பெயர் அட்வைஸ் அக்கா. கேட்டவர்களுக்குச் சொல்வாள், கேட்காதவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வாள். பேருந்தில் இவள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் ஒரு தடவை இருமினால் போதும். இறங்குவதற்குள் உங்கள் நுரையீரல், உங்கள் மாமனார், உங்கள் தலையணை உறை எல்லாவற்றுக்கும் ஒரு வழி சொல்லிவிட்டுத்தான் விடுவாள். கெட்ட மனசு என்று யாரும் சொல்லிவிட முடியாது. தங்கமான மனசுதான். ஆனால் தங்கமாகவே இருந்தாலும் உருக்கிக் காதில் ஊற்றினால் யாருக்குத் தாங்கும்?

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்ப் போதைப் பழக்க ஆலோசனைப் பயிற்சியில் உட்காரவைத்தால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள். அங்கே முதல் பாடமே வாயை மூடுவதுதான். குடிக்கிறவரிடம் "குடிக்காதீங்க" என்று சொல்லக்கூடாது. அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், கேட்டதைக் கொஞ்சம் மாற்றி அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், வழியை அவர் வாயாலேயே சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்பார், மறுத்துப் பேசக்கூடாது. "என்னைக் கேக்க நீ யாரு" என்பார், முகம் சுளிக்கக்கூடாது. "கூடவே நடங்க, கையைப் பிடிச்சு இழுக்காதீங்க" என்று பேராசிரியை வகுப்புக்கு வகுப்பு சொல்வார். சிரித்து யாரும் பார்த்திராத அம்மையார் அவர்.

பாடத்தை நன்றாகப் படித்துவிட்டாள் நம்ம அக்கா. செய்முறைத் தேர்வில்தான் கதை கந்தலானது. அந்தத் தேர்வுக்கு நாடகக் குழுவிலிருந்து நடிகர்களைக் கூலிக்கு அழைத்துவருவார்கள். அவர்கள் குடிகாரராக நடிப்பார்கள், மாணவர்கள் ஆலோசகராக உட்கார்ந்து பேச வேண்டும். போன தடவை இவளுக்கு வந்த நடிகர் பாவம், ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான். காலையில் நடங்க, தண்ணீர் நிறையக் குடிங்க, அந்த சிநேகிதர்களை விடுங்க, ஒரு பூச்செடி வளர்த்துப் பாருங்க, பல்லையும் ஒரு தடவை காட்டிடுங்க, எனக்குத் தெரிஞ்ச பல் டாக்டர் இருக்கார். நடிகர் நடிப்பை மறந்து, "எங்க அம்மா உங்களுக்கு போன் பண்ணினாங்களா?" என்று கேட்டுவிட்டார்.

பேராசிரியை கூப்பிட்டுச் சுருக்கமாக முடித்தார். "பேஷண்ட் வணக்கம் சொன்னார், கடைசியில நன்றி சொன்னார். நடுவுல எல்லாம் நீதான். பெயில்."

இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் போனால் போதை மறுவாழ்வு வார்டில் பயிற்சி கிடையாது, வார்டு இல்லையென்றால் இந்த வருஷம் பட்டம் கிடையாது. பார்த்துக்கொண்டிருந்த பள்ளி வேலையை விட்டுவிட்டு, "நான் படிக்கப் போறேன்" என்று வீட்டில் மல்லுக்கட்டி வந்தவள் அவள். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது? அந்தப் பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

அதனால் வீட்டையே பயிற்சிக்கூடம் ஆக்கினாள். முதல் பலி வீட்டுக்காரர்.

"சாப்பாடு ஆச்சா?"

"சாப்பாட்டைப் பத்தி ஒரு எதிர்பார்ப்பு இருக்கு உங்களுக்கு."

"பசிக்குதுடி."

"பசிங்கற உணர்வு உங்களை ரொம்பத் தொந்தரவு பண்ணுது."

"உணர்வு இல்ல, வயிறு" என்று அவர் எழுந்துபோய்த் தானே அடுப்பைப் பற்றவைத்தார்.

மாமியார் மட்டும் இந்தப் பயிற்சிக்குப் பெரிய ரசிகை. இந்த வீட்டில் தன் பேச்சை முழுசாகக் கேட்க ஒரு ஆள் கிடைத்தது அவருக்கு இப்போதுதான். தன் நாத்தனார் ஒரு பழைய சேலை விஷயத்தில் செய்த துரோகத்தை மதியம் தொடங்கிப் பொழுது சாயும்வரை சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல படிப்பும்மா இது, விட்டுறாதே" என்று ஆசீர்வாதம் பண்ணினார். மருமகளுக்கு நடுவில் இரண்டு இடத்தில் நாக்கு நமநமவென்று அரித்தது. கடித்துக்கொண்டாள்.

தேர்வு நாளும் வந்தது. அந்தக் கட்டடத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, தண்ணீர்க் குவளை, சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. உள்ளே இருப்பவருக்கு அது முகம் பார்க்கிற கண்ணாடி, பின்னால் இருட்டு நடைவழியில் நிற்கும் பேராசிரியைக்கு ஜன்னல். படம் பிடிக்கிற வழக்கம் கிடையாது. அறையில் பேசுவது அறையோடு போக வேண்டும் என்பது இந்தத் தொழிலின் சட்டம், தேர்வானாலும் அதேதான். பேராசிரியை கண்ணால் பார்த்து, காதால் கேட்டு மார்க் போடுவார். தேர்வின் நடுவில் "இது தேர்வுதானே" என்று வாய் தவறிச் சொன்னாலும் பெயில்.

இங்கேதான் விதி ஏசி வடிவத்தில் வந்தது. என்ன நடந்தது என்று உங்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அவளுக்குத் தெரியாது. மூன்றாம் அறையில் ஏசி ஒழுகி நாற்காலி நனைந்துபோயிற்று. அங்கே உட்கார்ந்திருந்தவன் சாயங்கால வகுப்பு மாணவன், நெட்டையாக, ஒல்லியாக ஒரு ஆள். பகல் வகுப்புக்காரர்களுக்கு அவனைத் தெரியாது. அலுவலக கிளார்க்குக்கு அன்றைக்கு இருந்த ஓட்டத்தில் கால் தரையில் படவில்லை. "தம்பி, நீங்க ரெண்டாம் ரூமுக்குப் போங்க, ஆள் உள்ளே இருக்காங்க" என்று அவனை அனுப்பிவிட்டு, வந்து நின்ற இரண்டு நடிகர்களையும், "நீங்க நாலாம் ரூம், ஆள் உள்ளே இருக்காங்க" என்று ஆளுக்கொரு முறை சொல்லி, காலியாகக் கிடந்த அந்த ஒரே அறைக்குள் தள்ளிவிட்டார். ஆலோசகர் இரண்டு பேரும் ஒரு அறையில். குடிகாரர் இரண்டு பேரும் ஒரு அறையில். புண்ணியவான் கையைத் துடைத்துக்கொண்டு காபி குடிக்கப் போனார்.

இரண்டாம் அறையில் அக்கா கண் சிவந்து, தலை கலைந்து, மூன்று காபியின் படபடப்பில் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். கதவு தட்டும் சத்தம். நெட்டை உள்ளே வந்தான். அவனுக்கும் கண் சிவப்பு. உதடு காய்ந்திருந்தது, சட்டை ஒரு பக்கம் வெளியே வந்திருந்தது. இந்தத் தடவை மேக்கப்பில் குறையே வைக்கவில்லை என்று அக்கா மனசுக்குள் பாராட்டினாள். அவள் தலையைப் பார்த்து அவனும் அதையேதான் நினைத்தான்.

"வாங்க, உக்காருங்க. இது உங்க நேரம்" என்றாள் அவள்.

"இல்லீங்க, உங்க நேரம்" என்றான் அவன், பாடத்தில் சொன்ன அதே மென்மையோடு.

சரியான கில்லாடி பேஷண்ட். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்ன விஷயமா வந்தீங்கன்னு சொல்லுங்களேன்."

"நான் எதுக்கு வந்தேன்னு தெரிஞ்சுக்கணும்னு உங்களுக்குத் தோணுது."

"நேரடியா சொல்லக் கொஞ்சம் தயக்கமா இருக்கு."

"தயக்கமா இருக்குன்னு சொல்றீங்க. பரவால்ல, மெதுவா சொல்லுங்க."

"நீங்களும் மெதுவா சொல்லலாம்."

"எனக்கு அவசரமே இல்லீங்க."

"எனக்கும் இல்ல."

வாசற்படியில் "நீங்க முதல்ல போங்க", "இல்ல, நீங்க போங்க" என்று நின்றே பொழுதைக் கழிக்கிற இரண்டு மரியாதைக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூத்துதான் அங்கே நடந்தது. கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, "குடிக்கறதைப் பத்திப் பேசலாமா?" என்றார்கள்.

"பேசலாம். நீங்க எப்போலேர்ந்து குடிக்கறீங்க?" என்றான் நெட்டை.

"நானா? நான் குடிக்கறதே இல்லையே."

"குடிக்கறதே இல்லைன்னு சொல்றீங்க." அவன் முகத்தில் அப்படி ஒரு கனிவு. மறுப்பு வந்தால் மறுக்காதே, கூடவே நட. படித்தவன் படித்தபடி நடந்தான்.

அவளுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. பேஷண்ட் ஆலோசகரையே குடிகாரி ஆக்குகிறான். மறுப்பிலேயே இது புது தினுசு. மாமியாரின் சேலைக் கதையை நினைத்துக்கொண்டு உதட்டை இறுக்கினாள். "என்மேல உங்களுக்கு ஒரு அக்கறை இருக்கு. அடுத்தவங்களைப் பத்திப் பேசினா உங்களுக்குச் சுலபமா இருக்கு."

"இல்லீங்க, நான்தான் இங்க கவுன்சிலர்."

"நீங்கதான் கவுன்சிலர்."

"ஆமாங்க."

"சரி." எவ்வளவு வேண்டுமானாலும் வளைந்துகொடு என்றுதானே பாடம். "அடுத்தவங்களுக்கு உதவணும்னு உங்களுக்கு ரொம்ப ஆசை."

"ஆமா. அதுக்குத்தான் படிக்கறேன்."

"எல்லாரோட கஷ்டமும் கேப்பீங்க. உங்க கஷ்டத்தை யாரும் கேட்டதில்ல."

சொல்லிவிட்டுப் பதிலுக்காக அவள் காத்திருந்தாள். நெட்டை தண்ணீர்க் குவளையை எடுத்தான். குவளை வாய்க்குப் போகுமுன் சரிந்து, தண்ணீர் முழங்காலில் சிந்தியது. அதைத் துடைக்கக்கூட இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தான். என்ன நடிப்புடா சாமி, இவனுக்கெல்லாம் கூலி பத்தாது என்று அக்கா வியந்துபோனாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான். குரல் மாறியிருந்தது.

அவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ராத்திரி கிடங்குல வேலை, சாயங்காலம் காலேஜ். முழிச்சிருக்க ஒரு மாத்திரை போட ஆரம்பிச்சேன். பாதிதான். அப்புறம் பாதி பத்தல. இப்போ தூங்கறதுக்குத் தனியா ஒண்ணு வேண்டியிருக்கு." அவன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டான். "மறுப்பைப் பத்தி மேடம் ஒரு நாள் பாடம் நடத்தினாங்க, பலகையில ஏணி மாதிரி ஒரு படம் போட்டு. 'தனக்குப் பழக்கம் இருக்குன்னு கடைசியாத் தெரியறது அந்த ஆளுக்குத்தான்'னு சொன்னாங்க. அதை அழகா நோட்டுல எழுதிக்கிட்டே ஒண்ணை வாயில போட்டேன். எழுதி முடிக்கற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தோணல."

ஏணிப் படமா? அந்தப் படம் எந்த நாடகக்காரருக்குத் தெரியும்? அதுவும் இல்லாமல், இன்றைக்கு நடிகர்கள் எல்லாருக்கும் குடி வேஷம்தான், மாத்திரை வேஷம் யாருக்கும் இல்லை என்று அறிவிப்புப் பலகையிலேயே போட்டிருந்தார்கள். இவன் நடிகன் இல்லை. இவனும் தன்னைப்போல் ஒரு மாணவன். அப்படியானால் தேர்வு அம்போ. ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டி, "மேடம், ஆள் மாறிப்போச்சு" என்று கத்தினால் ஒருவேளை பிழைக்கலாம். எழுந்திருக்க நாற்காலியின் கையைக்கூடப் பிடித்துவிட்டாள்.

ஆனால் எதிரே ஒருவன் தன் நெஞ்சைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே. அவள் கையை எடுத்தாள். வேலையை விட்டுடுங்க, அம்மாகிட்ட சொல்லுங்க, மாத்திரையை இப்பவே தூக்கிப் போடுங்க, வெந்நீர்ல குளிங்க, எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர் இருக்கார் என்று அட்வைஸ் எல்லாம் வரிசைகட்டி நாக்கு நுனியில் வந்து நின்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டது. ஜென்மத்தில் முதல் தடவையாக அவற்றில் ஒன்றைக்கூட அவள் வெளியே விடவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அழுகையாக வந்தது, அதையும் அடக்கிக்கொண்டாள்.

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"இப்பத்தான்."

முழங்கால் ஈரத்தை அவன் இப்போதுதான் கையால் துடைத்தான். பிறகு அவனே பேசினான். "டாக்டரைப் பாக்கணும். திடீர்னு நிறுத்தக்கூடாது. பரீட்சையில நாமதான் பக்கம் பக்கமா எழுதறோமே." எழுதறோமே என்று வாய் சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவளை உற்றுப் பார்த்தான். "நீங்க குடிக்கறவங்க இல்லதானே?"

"இல்லீங்க. பகல் வகுப்பு."

"நான் சாயங்கால வகுப்பு."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அவன்தான் சிரித்தான், மூக்கில் ஒரு சின்ன சத்தம். பிறகு இவள். பிறகு இருவராலும் நிறுத்த முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். "'குடிக்கறதே இல்லைன்னு சொல்றீங்க'ன்னு சொன்னீங்களே, பாவி" என்றாள் அவள். "உங்க தலைமுடியைப் பாத்து நான் பயந்தே போயிட்டேங்க" என்றான் அவன். கதவைத் திறக்கும்போது அவள் ஒரு நிமிஷம் நின்று, "ரூம்ல பேசினது ரூமோட" என்றாள். அவன் தலையாட்டினான்.

வெளியே வந்தால் நாலாம் அறை வாசலில் கூட்டம். உள்ளே தாடிக்கார நடிகரும் வழுக்கை நடிகரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து விம்மிக்கொண்டிருந்தார்கள். வந்த ஆலோசகர் ஏன் தன்னைவிடக் குடித்திருக்கிறார் என்று இருவருக்கும் குழப்பம்தான், ஆனால் நடிகனுக்கு நடிகன் சளைத்தவனா? ஒருவர் ஒரு குடம் அழுதால் மற்றவர் இரண்டு குடம் அழுதார். ஒருவர் தள்ளாடினால் மற்றவர் தரையில் உருண்டார். அந்தச் சத்தம் கேட்டு இருட்டு நடைவழியே அங்கே போன பேராசிரியை, அந்த ஜன்னலை விட்டு நகரவே இல்லை. சிரித்து யாரும் பார்த்திராத அந்த அம்மையார் சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கிளார்க் மட்டும் யார் கண்ணிலும் படாமல் ஏசிக்காரனுக்கு போன் பண்ணப் போய்விட்டார்.

சிரித்து முடித்ததும் பேராசிரியைக்கு ஞாபகம் வந்தது. எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நடிகர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு ஓரமாக நின்றார்கள்.

"ரெண்டாம் ரூமை நான் பாக்கவே இல்ல" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வார்டுக்குப் பேர் இன்னைக்கே போகணும். பேஷண்ட்டே இல்லாம அவ்வளவு நேரம் உள்ள என்ன பண்ணீங்க?" அக்காவைப் பார்த்தார். "நீ சொல்லு. பேசினயா, கேட்டயா?"

"கேட்டேன் மேடம்."

"எதைக் கேட்டே?"

அட்வைஸ் அக்கா வாயைத் திறந்தாள். ஒரு வரி சொன்னால் போதும், வார்டு கைக்கு வந்துவிடும். இவ்வளவு நாள் பட்ட பாட்டுக்கு அவள் செய்த ஒரே உருப்படியான வேலை அந்த அறையில் நடந்ததுதான், அதற்கு ஒரு சாட்சி இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள். "சொல்லக்கூடாது மேடம்."

இவளாவது, சொல்லாமல் இருக்கிறதாவது. பின்னால் நின்ற பகல் வகுப்புக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பேராசிரியைக்கும் உதடு துடித்தது. "அப்போ ரெண்டு பேரும் அரட்டை அடிச்சீங்கன்னு எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்குங்க மேடம்." போச்சு, எல்லாம் போச்சு. இனி மாமியாரிடம் என்ன சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது.

"அரட்டை இல்ல மேடம்" என்றான் நெட்டை.

எல்லாரும் திரும்பினார்கள். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். பாதிக்குமேல் காலி. "அந்த ரூம்ல பேஷண்ட் இருந்தார். நான்தான்."

"தத்ரூபம்" என்று தாடிக்கார நடிகர் கையைத் தட்டினார். பக்கத்தில் யாரும் தட்டவில்லை. நெட்டையின் முகத்தை ஒரு தடவை சரியாகப் பார்த்துவிட்டு அவர் கையைக் கீழே இறக்கினார்.

பேராசிரியை மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். கதவு சாத்தியதும் நெட்டைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இது மார்க் விஷயம் இல்லப்பா. மேல் மாடியில டாக்டர் இருக்கார், நானே கூட்டிட்டுப் போறேன். படிப்புக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதே." பிறகு அக்காவிடம் திரும்பினார். "இவருக்கு நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல மேடம்."

"ஒண்ணுமேவா?"

"ஆமா மேடம்" என்றான் நெட்டை. "அவங்க ஒண்ணுமே சொல்லல. அதனாலதான் நான் சொன்னேன்."

பேராசிரியை அக்காவின் மார்க் தாளை எடுத்தார். பேஷண்ட் பெயர் எழுதவேண்டிய இடத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டு, அடியில் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.